நடந்தே தேய்ந்த வண்டி

ஆரணி
11-9-1995

கோயம்புத்தூர், திருமதி தெய்வநாயகி ஜெயவேல் அவர்களுக்கு,

ஆரணி பட்டு வியாபாரி வீரபாகு எழுதுவது.

இது அண்ணன் தங்கைக்கு எழுதும் கடிதம் அல்ல. ஒரு வாடிக்கையாளர் ஒரு பட்டறைக்கு எழுதும் கடிதம். பதினாலு வருஷம் கழித்து எழுதுகிறவன் முதலில் நலம் விசாரிக்க வேண்டும் என்று தங்கள் அண்ணி கற்பகம் சொன்னாள். வியாபாரக் கடிதத்தில் அதெல்லாம் வேண்டாம் என்று விட்டுவிட்டேன். தங்கள் பட்டறையின் போன் நம்பரும் கையில் இருக்கிறது. போனில் பேசினால் இரண்டாவது நிமிஷம் நான் சத்தம் போடுவேன். அதனால்தான் பேனா.

விஷயம் இதுதான். தணிகாசலம் வாடகைக்கு விட்டுக்கொண்டிருந்த மாப்பிள்ளை ஊர்வலக் கார் தங்களுக்கு நினைவிருக்கும். மேலே மூடி இல்லாத சிவப்பு எம்.ஜி., 1952 மாடல், இரண்டே சீட்டு. சீட்டுக்குப் பின்னால் பெட்டி வைத்து, வெல்வெட் போட்டு, மாப்பிள்ளையை உயரத்தில் உட்கார வைப்போமே, அதே வண்டி. தணிகாசலம் காலமான பிறகு அதை நான் வாங்கிவிட்டேன். இப்போது ஸ்டார்ட் பண்ணினால் பின்னால் வருகிற ஜனம் நீலப் புகையில் காணாமல் போகிறது. போன வைகாசியில் ஒரு நாயனக்காரர் நடுத்தெருவில் வாத்தியத்தை இறக்கிவிட்டு, "வண்டிய ஆஃப் பண்ணுங்க, இல்லாட்டி என்னிய ஆஃப் பண்ணிடுங்க" என்றார். பெட்ரோலுக்குச் சமமாக ஆயில் குடிக்கிறது.

மெக்கானிக் சின்னக்கண்ணு கழற்றிப் பார்த்தான். நாலு சிலிண்டரும் தேய்ந்து போயிருக்கிறது என்கிறான். "வேற யாராண்ட குடுத்தாலும் கெடுத்துடுவாங்கண்ணே. கோயம்புத்தூர்ல ஜெயவேல் அண்ணன் பட்டறைல குடுத்தாத்தான் உண்டு" என்றான். அவனை நம்பாமல் இன்னும் நாலு இடத்தில் விசாரித்தேன். நாலு இடத்திலும் அதே பேர்.

தை 18, வியாழக்கிழமை, என் மகள் சுபலட்சுமிக்குக் கல்யாணம். முந்தின நாள் சாயங்காலம் மாப்பிள்ளை ஊர்வலம் அந்த வண்டியில்தான் என்று சம்பந்தி வீட்டுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன். இதைச் செய்தியாகச் சொல்கிறேன், அழைப்பாகச் சொல்லவில்லை. வித்தியாசம் உனக்குத் தெரியும்.

மாட்டேன் என்றால் மாட்டேன் என்று ஒரு வரி போடு. இழுத்தடிக்காதே.

இப்படிக்கு,
ஆ. வீரபாகு


கோயம்புத்தூர்
18-9-1995

ஆரணி பட்டு வியாபாரி ஆ. வீரபாகு அவர்களுக்கு,

தங்கள் கடிதம் கிடைத்தது. வேலையை எடுத்துக்கொள்கிறோம். என்ஜின் பிளாக்கை மட்டும் தனியாகப் பிரித்து, பழைய பிஸ்டன் நாலையும் எது எந்த சிலிண்டர் என்று நம்பர் கட்டி, லாரி பார்சலில் அனுப்பவும். யாரும் துடைக்க வேண்டாம், உப்புத்தாள் போட வேண்டாம். அழுக்கோடு வேண்டும். அழுக்கு சொல்கிறதை மெக்கானிக் சொல்ல முடியாது.

தை 18-க்கு முடியுமா என்பதை அளவு எடுத்த பிறகுதான் சொல்ல முடியும். எங்கள் பட்டறையில் முதலில் வாக்குக் கொடுத்துவிட்டுப் பிறகு அளக்கிற பழக்கம் இல்லை.

இப்படிக்கு,
ஜெ. தெய்வநாயகி

பி.கு.: சுபலட்சுமிக்கு இருபத்திரண்டு முடிகிறதா? நான் கிளம்பும்போது முன்பல் இரண்டும் விழுந்திருந்தது. செய்தியாகத்தான் கேட்கிறேன்.


கோயம்புத்தூர்
16-10-1995

ஆ. வீரபாகு அவர்களுக்கு,

பிளாக் பத்திரமாக வந்தது. அளவு எடுத்தது நான். குடைகிற மிஷின் என் வீட்டுக்காரர் பொறுப்பு. அளவும் ஹோனிங்கும், அதாவது குடைந்த சுவரைக் கல் போட்டு நயமாக்குவதும், பதினோரு வருஷமாக என் பொறுப்பு. சின்ன வயதில் பட்டு இழை சுற்றும்போது முடிச்சு வந்தால் விரலில் தட்டுமே, அதே விரல்தான். விரலுக்குப் பிறகு கேஜ் வைத்துப் பார்ப்பேன். பெரும்பாலும் இரண்டும் ஒன்றையே சொல்லும்.

அங்குலத்தை ஆயிரமாகப் பங்கிட்டு அதில் ஒரு பங்கை நாங்கள் தௌ என்போம். உங்கள் சிலிண்டர்களில் வாய்ப்பக்கம் மட்டும் பன்னிரண்டு தௌ தேய்ந்திருக்கிறது. கீழே போனால் தேய்மானம் அனேகமாக இல்லை. வேகமாக ஓடித் தேய்ந்த என்ஜின் இப்படி இருக்காது. இது மேளத்துக்குப் பின்னால், முதல் கியரில், ஆள் நடக்கிற வேகத்தில் வருஷக்கணக்கில் ஊர்ந்திருக்கிறது. அப்படி ஊர்ந்தால் எரியாத பெட்ரோல் சுவரில் வழிந்து ஆயிலைக் கழுவிவிடும். வறண்ட சுவரில் பிஸ்டன் ரிங் உரசும். நூறு கிலோமீட்டர் வேகத்துக்குச் செய்த வண்டி நடந்தே தேய்ந்திருக்கிறது.

இன்னொன்று. நாலு சிலிண்டரிலும் துரு வளையம் இருக்கிறது. பிஸ்டன் ஒரே இடத்தில் மாதக்கணக்கில் நின்ற அடையாளம். ஆடியிலும் மார்கழியிலும் முகூர்த்தம் கிடையாதே, வண்டியை யார் தொடுவார்கள்.

ஏற்கெனவே மூன்று தடவை குடைந்தாகிவிட்டது. அறுபது தௌ பெரிதாக்கியிருக்கிறது. இதற்கு மேல் குடைந்தால் சுவர் மெலிந்து, பின்பக்கம் ஓடும் தண்ணீர் உள்ளே வந்துவிடும். ஒரே வழி ஸ்லீவ்: நாலிலும் புது இரும்புக் குழாய் இறுக்கி, அதை அசல் அளவுக்குக் குடைவது. பிஸ்டன் இங்கேயே வார்த்து வாங்கலாம். இரண்டு மாதம் ஆகும்.

மூன்றாவது பிஸ்டனின் தலையில் புள்ளி புள்ளியாக 'ஜெ' என்று அடித்திருக்கிறது. 1979-ல், அந்த வண்டிக்கு டிரைவராகவும் மெக்கானிக்காகவும் இருந்தபோது அவர் அடித்தது. துணியால் துடைத்துப் பார்த்தார். அப்படியே டீ குடிக்கப் போய்விட்டார்.

சம்மதம் எழுதவும்.

ஜெ. தெய்வநாயகி


ஆரணி
24-10-1995

தெய்வநாயகிக்கு,

கடிதம் பார்த்தேன். கதை நன்றாக இருக்கிறது. எனக்குக் கதை வேண்டாம், என்ஜின் வேண்டும்.

நான் மெக்கானிக் இல்லை, ஆனால் கணக்குத் தெரிந்தவன். சுவர் மெலிது, இனி குடைய முடியாது என்கிறாய். அடுத்த வரியிலேயே குழாய் இறுக்கவேண்டும் என்கிறாய். குழாய் இறுக்க இடம் வேண்டாமா? அதற்கு இதைவிட அதிகமாகக் குடைய வேண்டாமா? இதில் எது பொய்?

எனக்குத் தேவை ஒரு சாயங்காலம். கோயிலிலிருந்து மண்டபம் வரை ஒன்றரை கிலோமீட்டர். இன்னொரு இருபது தௌ குடைந்து, அதற்கேற்ற பிஸ்டன் போட்டுக் கொடு. அதற்கு மேல் அது உடைந்தால் என் தலையெழுத்து. தறி ஓட்டின கையை வைத்துக்கொண்டு என் வண்டிக்கு நாள் குறிக்காதே. உன் வீட்டுக்காரர் கைப்பட எழுதட்டும், முடியாது என்று. அவர் எழுதினால் நம்புகிறேன்.

கற்பகம் இந்தக் கடிதத்தை வாங்கிப் படித்துவிட்டு, "இத்த போஸ்ட் பண்ணாதீங்க" என்றாள். பண்ணுகிறேன்.

வீரபாகு


கோயம்புத்தூர்
1-11-1995

அண்ணாவுக்கு,

இரண்டும் பொய் இல்லை. இருபது தௌ குடைந்தால் மெலிந்த சுவர் தனியாக நிற்க வேண்டும். ஸ்லீவுக்கு அதைவிட அதிகம் குடைகிறோம் என்பது நிஜம், ஆனால் அந்தச் சுவரை ஒட்டி உள்ளே புது இரும்பு இறுக்கி உட்காருகிறது. இரண்டும் சேர்ந்து தாங்கும். நைந்த புடவையில் இன்னும் இழை உருவினால் கிழியும். உட்பக்கம் துணி கொடுத்துத் தைத்தால் நிற்கும். இது போதுமா?

அவர் எழுத மாட்டார். ஏன் என்று மறந்திருந்தால் சொல்கிறேன். 1981 ஆவணி. களம்பூரிலிருந்து சைக்கிளில், வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, உங்கள் கடைக்கு வந்து என்னைப் பெண் கேட்டார். தனியாக வந்தார், கூட வர ஆள் இல்லை. கடையில் நாலு வியாபாரிகள் உட்கார்ந்திருந்தார்கள். நான் உள்கட்டில் ஜரிகை எடை போட்டுக்கொண்டிருந்தேன். நீங்கள் சொன்னது இந்தக் காதில் விழுந்தது: "வண்டி ஓட்டறவன்லாம் மாப்ள சீட்ல ஏறி குந்திக்கினா, அப்பறம் வண்டிய யார்பா ஓட்டறது?"

அவர்கள் சிரித்தார்கள். நீங்களும் சிரித்தீர்கள். வேண்டாம் என்று சொல்லியிருந்தால் அவர் தாங்கியிருப்பார். அவர் அதுவரை எத்தனை மாப்பிள்ளைகளை அந்த வண்டியில் உட்கார வைத்து ஓட்டினார் என்று எண்ணியதில்லை. அதற்குப் பிறகு எண்ணிப் பார்த்திருப்பார் என்று நினைக்கிறேன். எங்கள் கல்யாணம் வேலூர் ரிஜிஸ்தர் ஆபீசில் நடந்தது. டவுன் பஸ்ஸில் போனோம்.

அன்றிலிருந்து அவர் ஆரணிக்குள் கால் வைக்கவில்லை. களம்பூரில் தன் அம்மா சாவுக்குக்கூட போளூர் வழியாக வந்து, போளூர் வழியாகவே திரும்பினார்.

அளவு என்னுடையது. நம்பினால் ஸ்லீவ். நம்பாவிட்டால் பிளாக்கை நாளைக்கே லாரியில் ஏற்றுகிறேன். ஒரு சாயங்காலத்துக்கு மட்டும் என்று குடைந்த பிளாக் எங்கள் பட்டறை வாசலைத் தாண்டாது.

தெய்வநாயகி


ஆரணி
9-11-1995

தெய்வநாயகிக்கு,

ஸ்லீவ் போடு.

புடவைக் கணக்கு புரிந்தது. முதலிலேயே அப்படிச் சொல்லியிருந்தால் பதினைந்து நாள் மிச்சமாகியிருக்கும். இன்னொன்றும் ஒப்புக்கொள்கிறேன். என் கடைக்கு ஒருவன் வந்து, முகூர்த்தத்தன்று ஒரு நாள் மின்னினால் போதும், மட்ட ஜரிகை போட்டு நெய்து கொடுங்கள் என்று கேட்டால், படி இறங்கு என்பேன். போன கடிதத்தில் நான் உன்னிடம் கேட்டது அதுதான்.

1981 பற்றி நீ எழுதியதைப் படித்தேன். அதற்குப் பதில் இந்தக் கடிதத்தில் இல்லை. ஒரு திருத்தம் மட்டும். கடையில் இருந்தது நாலு பேர் இல்லை, ஆறு பேர்.

வீரபாகு


கோயம்புத்தூர்
11-12-1995

அண்ணாவுக்கு,

பிளாக்கைச் சூடாக்கி, ஸ்லீவை ஐஸில் வைத்துச் சுருக்கி, நாலையும் இறக்கினோம். நாலும் ஒரே மூச்சில் உட்கார்ந்தன. குடைந்து, ஹோனிங் முடித்து, இன்று பார்சல் ஆபீசில் போட்டுவிட்டோம். புது பிஸ்டனும் ரிங்கும் கூடவே வருகின்றன. சுவரில் குறுக்கும் நெடுக்குமாக மெல்லிய கோடு தெரியும், ஊடும் பாவும் மாதிரி. அது கீறல் என்று யாரும் தேய்த்துவிட வேண்டாம். ஆயில் தங்குவது அந்தக் கோட்டில்தான்.

முக்கியமான விஷயம். பிஸ்டன் இறக்குவதற்கு முன்னால் நாலு சிலிண்டரையும் கழுவ வேண்டும். வழியில் படிந்த தூசியும், கல்லின் தூளும் அந்தக் கோடுகளுக்குள் இருக்கும். மண்ணெண்ணெய், பெட்ரோல் போட்டுத் துடைத்தால் போகாது, இன்னும் உள்ளே இறங்கும். கொதிக்கிற சோப்புத் தண்ணீர், பிரஷ். கச்சாப் பட்டைப் பசை போக அவிப்போமே, அந்த மாதிரி. வெள்ளைத் துணியால் துடைத்தால் துணி வெள்ளையாகவே வர வேண்டும். சாம்பல் நிறம் பட்டால் மறுபடி கழுவவும். இதைச் சின்னக்கண்ணுவிடம் விடாதீர்கள். உங்களுக்கே தெரிந்த வேலை.

தெய்வநாயகி


ஆரணி
21-12-1995

தெய்வநாயகிக்கு,

நீ சாதித்துவிட்டாய்.

பிளாக் 14-ஆம் தேதி வந்தது. நீ எழுதினபடி நானே கழுவினேன். சின்னக்கண்ணு தேசூரில் ஒரு சாவுக்குப் போயிருந்தான், அதனால் வேறு யார் கையும் படவில்லை. சாயப்பட்டறைச் செப்பு அண்டாவில் தண்ணீர் கொதிக்க வைத்து, மூன்று தடவை. புது மல் துணி கடைசித் தடவை பால் மாதிரி வந்தது. அன்றைக்கு உன் வேலை மேல் எனக்கு இருந்த மதிப்பை இப்போது சொல்ல வெட்கமாக இருக்கிறது.

இன்றைக்கு நாலு சிலிண்டரும் செங்கல் நிறம். விரல் வைத்தால் விரல் சிவக்கிறது. நாற்பத்து மூன்று வருஷப் பழைய இரும்பில் இல்லாத அளவு துரு, ஒரு வாரத்தில் உன் புது இரும்பில் வந்திருக்கிறது. என்ன இரும்பு போட்டாய்? பழைய கட்டிலை உருக்கி ஊற்றினாயா? கல்யாணத்துக்கு நாற்பத்திரண்டு நாள் இருக்கிறது. என் வீட்டு வாசலில் என் மானம் போக வேண்டும் என்று நேரம் பார்த்துப் பழி தீர்த்துக்கொண்டீர்கள் இரண்டு பேரும். என்னை அடித்திருந்தால்கூட ஒப்புக்கொண்டிருப்பேன். சுபலட்சுமி கல்யாணத்திலா?

வீரபாகு


கோயம்புத்தூர்
26-12-1995

கழுவி முடித்து எத்தனை நிமிஷத்தில் எண்ணெய் தடவினீர்கள்?

தெய்வநாயகி


ஆரணி
31-12-1995

தெய்வநாயகிக்கு,

தடவவில்லை.

உன் ஒரு வரியைப் படித்துவிட்டுச் சின்னக்கண்ணுவைக் கூப்பிட்டுக் கேட்டேன். கழுவின இரும்பை ஈரம் காய்வதற்கு முன்னால் எண்ணெயில் முக்கி எடுப்பார்களாமே. "இன்னாண்ணே இது, பிளாக்க போயி பொடவ மாதிரி நெழல்ல காயப் போட்டுக்கினு கீறீங்க! சின்னப் பையனுக்குக்கூட தெரியுமே!" என்று என் வாசலில் நின்று கத்தினான். நான் கோயம்புத்தூர் பஸ் சார்ஜை எடுத்து அவன் கையில் கொடுத்தேன். அவனுக்கு அது ஆச்சரியமாக இருந்திருக்கும்.

நடந்தது இதுதான். பட்டை அவித்து அலசினால் அடுத்து என்ன செய்வோம்? நிழலில் விரித்துவிட்டு, யாரும் கிட்டே போகாமல் பார்த்துக்கொள்வோம். எண்ணெய்க் கையோடு வருகிறவனைத் தாழ்வாரத்துக்கு வெளியே நிறுத்துவோம். தலைக்கு எண்ணெய் வைத்த அன்று அப்பா நம்மைத் தறிப்பக்கம் விடமாட்டார், உனக்குத் தெரியும். அதே மாதிரி பிளாக்கை வெள்ளைத் துணி மேல் வைத்து, சாயப்பட்டறையில் விளக்கெண்ணெய்ச் சட்டி இருந்ததைக்கூட நானே தள்ளி வைத்தேன். மார்கழிப் பனியில் ஒரு வாரம் காவல் காத்தேன். ஒரு பொருளை அவ்வளவு சிரத்தையாக நான் கெடுத்ததில்லை.

நீ எண்ணெய் என்று ஒரு சொல் எழுதியிருக்கலாம். எழுதாதது உன் தப்பு. ஆனால் அது சின்னத் தப்பு. கட்டில் இரும்பு என்று எழுதியதும், பழி என்று எழுதியதும் என் தப்பு. வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்.

பிளாக்கைச் சின்னக்கண்ணு கையில் கொடுத்து அனுப்புகிறேன். நாளைக்கே பஸ் ஏறுகிறான். முடியாது என்றால் இந்தத் தடவை உன் வார்த்தை போதும், அவர் எழுத வேண்டாம்.

வீரபாகு


கோயம்புத்தூர்
8-1-1996

அண்ணாவுக்கு,

இந்தக் கடிதத்தையும் பிளாக்கையும் சின்னக்கண்ணு கொண்டு வருகிறான். பிளாக் முழுக்க எண்ணெய் பூசியிருக்கிறது. தயவு செய்து துடைத்துவிடாதீர்கள்.

எண்ணெய் என்று எழுதாதது என் தப்புதான். இங்கே யாருக்கும் அதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. பட்டு என்று எழுதிய கையோடு பட்டுக்காரர் என்ன செய்வார் என்று யோசித்திருக்க வேண்டும். இவர் பிளாக்கைப் பார்த்ததும் சிரித்துவிட்டார். ஆரணி பேச்சு வந்து இவர் சிரித்து நான் பார்த்தது இதுதான் முதல் தடவை. "உங்க அண்ணன் கழுவின மாதிரி எவனும் கழுவ மாட்டான். ஒரு தூள் இல்ல பாரு" என்றார். மூன்று சிலிண்டரில் மேல் துரு மட்டும். அரை தௌ எடுத்ததில் போய்விட்டது. நாலாவதில் குழி விழுந்திருந்தது. அதன் ஸ்லீவைப் பிடுங்கிப் புதிது போட்டோம். பொங்கலுக்கு லீவு கேட்ட ஆட்களிடம் இவரே போய்ப் பேசினார்.

இப்போது நீங்கள் கோபப்படப் போகிற விஷயம். புதிதாகக் குடைந்த என்ஜினை ஊர்வலத்துக்கு விடக்கூடாது. புது ரிங்கும் புது சுவரும் ஒன்றுக்கொன்று பழக வேண்டும். அதற்கு இழுவை வேண்டும், ஓட்டம் வேண்டும். நின்ற இடத்தில் உறுமவிட்டாலோ, மேளத்துக்குப் பின்னால் ஊர்ந்தாலோ சுவர் கண்ணாடி மாதிரி வழுக்கிப்போகும். பிறகு எந்தக் காலத்திலும் ரிங் பிடிக்காது, மறுபடி புகைதான். எழுநூறு, எண்ணூறு கிலோமீட்டர் ஓட்டின பிறகுதான் ஊர்வலம். நாற்பதிலிருந்து அறுபதுக்குள், வேகத்தை ஏற்றி இறக்கி ஓட்டவும். முதல் ஆயிலை நானூறுக்குள் மாற்ற வேண்டும். எந்தத் திசையில் ஓட்டினாலும் சரி. ஊருக்குள் சுற்றாமல், நீண்ட சாலையாகப் பார்த்து ஓட்டவும்.

கடைசியாக ஒன்று. பிளாக்குக்கு அடியில் சின்னக்கண்ணு காகிதம் அடைத்து வந்தான். அச்சில் கெட்டுப்போன சுபலட்சுமி கல்யாணப் பத்திரிகை. ஒன்றை நீவி எடுத்துப் படித்தேன். 'தங்கள் நல்வரவை விரும்பும்' என்பதற்குக் கீழே இருபத்தாறு பேர் இருக்கிறது. தணிகாசலம் மகன் பேர்கூட இருக்கிறது. நான் இரண்டு தடவை எண்ணினேன்.

எண்ணெய்க் கறை பட்டிருந்தது. ஆனாலும் எழுத்து தெளிவாகத்தான் இருந்தது.

தெய்வநாயகி


ஆரணி
18-1-1996

அன்புள்ள தங்கை தெய்வநாயகிக்கு,

இங்கே நானும் கற்பகமும் சுபலட்சுமியும் சௌக்கியம். அங்கே நீ எப்படி இருக்கிறாய், மாப்பிள்ளை எப்படி இருக்கிறார்? செப்டம்பரில் எழுதியிருக்க வேண்டிய வரி. வியாபாரக் கடிதம் என்று சொல்லித் தப்பித்தேன்.

மாட்டுப் பொங்கலன்று என்ஜின் ஸ்டார்ட் ஆனது. புகை இல்லை. சின்னக்கண்ணு புகைக்குழாய் வாயில் வெள்ளைத் துணி பிடித்து ஊருக்கே காட்டினான். சத்தம் வேறு மாதிரி இருக்கிறது. இத்தனை வருஷம் அது இருமிக்கொண்டிருந்தது என்பது இப்போதுதான் தெரிகிறது. ஒரு நிமிஷம்கூட நிறுத்தி உறுமவிடாமல் கண்ணமங்கலம் வரை நானே ஓட்டிப்போய்த் திரும்பினேன். அறுபதில் போனபோது தலைத்துண்டு பறந்துவிட்டது. அது பின்னால் எங்கேயோ கரும்புக் காட்டில் கிடக்கும்.

ஊர்வலத்துக்கு விடக்கூடாது என்று நீ எழுதியதைப் படித்ததும் கோபம் வந்தது. ஊர்வலத்துக்காகச் செய்த என்ஜினை ஊர்வலத்துக்கு விடாதே என்றால் யாருக்கு வராது? பிறகு ரோடு மேப்பை எடுத்து ஸ்கேல் வைத்தேன். போளூர், திருவண்ணாமலை, அரூர், சேலம், பவானி, அவிநாசி. என் வாசலிலிருந்து உன் பட்டறை வாசல் முந்நூற்று எழுபது. போக வர எழுநூற்று நாற்பது. முதல் ஆயிலை நானூறுக்குள் மாற்று என்கிறாய், எங்கே என்று எழுதவில்லை. எண்ணெயை ஒரு தடவை மறந்தவள் இரண்டாம் தடவை மறந்திருக்க மாட்டாய். எந்தத் திசையானாலும் சரியாம். நீ என்னிடமே வியாபாரம் பண்ணுகிறாய்.

பத்திரிகையில் உங்கள் பேர் இல்லாதது அச்சகத்தான் தப்பு இல்லை. எழுதிக்கொடுத்தது நான். பாதிப் பத்திரிகை கொடுத்தாகிவிட்டது, அதை ஒன்றும் செய்ய முடியாது. மீதியில் பேனாவால் எழுதிக்கொண்டிருக்கிறேன், பட்டியலில் எல்லோருக்கும் மேலே. என் எழுத்து கோணல் என்று சுபலட்சுமி, "குடுப்பா, ஜல்தி ஆவட்டும்" என்று பேனாவைப் பிடுங்கிக்கொண்டாள். அவள் முதலில் எழுதியது அத்தை பேர் இல்லை, மாமா பேர்.

உனக்குப் பத்திரிகையைத் தபாலில் வைக்கவில்லை. கூடப் பிறந்தவளை நேரில் வந்து தாம்பூலம் வைத்து அழைக்க வேண்டும். திங்கட்கிழமை, 22-ஆம் தேதி, காலை ஏழரைக்கு முன்னால் கிளம்புகிறோம். நான் ஓட்டுகிறேன். பக்கத்தில் கற்பகம், மடியில் தட்டு. காற்று அடிக்கும் என்று வெற்றிலைக்கு மேலே ஒரு ஈரத்துணியும் பாறாங்கல் மாதிரி ஒரு தேங்காயும் வைக்கப்போகிறாளாம்.

திரும்பும்போது சேலம் தாண்டி என்ஜின் சத்தம் மாறினால் கேட்கத் தெரிந்த காது பக்கத்தில் வேண்டும். அதனால் நீயும் அண்ணியும் பஸ்ஸில் வாருங்கள், அந்த சீட்டு மாப்பிள்ளைக்கு. அவரிடம் இந்தக் காரணத்தையே சொல். உண்மையும்கூட. பட்டறையைப் பத்து நாள் பூட்டச் சொல். அவர் மாட்டேன் என்றால் வற்புறுத்த மாட்டேன். ஆயிலை மாற்றிக்கொண்டு கற்பகத்தோடு திரும்பிவிடுவேன். மாட்டேன் என்று சொல்ல அவருக்குப் பாத்தியதை இருக்கிறது.

வந்தால், இரவு திருவண்ணாமலையில் தங்கிவிட்டு, களம்பூர் வழியாக, பகல் பதினோரு மணிக்குக் கடைத்தெருவுக்குள் நுழைவேன். அப்போதுதான் எல்லாக் கடையும் திறந்திருக்கும். அன்றைக்குச் சிரித்த ஆறு பேரில் நாலு பேர் இன்னும் கடை வைத்திருக்கிறார்கள். மேளம் கிடையாது, வெல்வெட் கிடையாது. மெதுவாகவும் போக மாட்டேன், எண்ணூறு முடியும் வரை ஊரக்கூடாது என்பது உன் உத்தரவு. அவர்கள் நிமிர்ந்து பார்ப்பதற்குள் தாண்டிவிடுவோம். அவர்கள் எழுந்து தெருவுக்கு வந்து பார்க்கட்டும்.

அன்றைக்கு அவரிடம் நான் ஒரு கேள்வி கேட்டேன், அப்புறம் வண்டியை யார் ஓட்டுவது என்று. பதினாலு வருஷமாக அதற்கு யாரும் பதில் சொல்லவில்லை.

நான் ஓட்டுகிறேன் என்று அவரிடம் சொல்.

உன் அண்ணன்,
வீரபாகு